இரண்டாம் வரியில் இருந்த பெயர்

பச்சை நைலான் நூல் கட்டிய அந்தப் பென் டிரைவ் இன்று காலை என் ஜியாமெட்ரி பெட்டியின் அடியில் கிடைத்தது. காம்பஸை எடுக்கப் போன விரலில் நூல் சிக்கியது. உன் அம்மா தேயிலைக் கொழுந்து கட்டும் சாக்கிலிருந்து நீ உருவிக் கட்டிய நூல். "தொலைஞ்சா பச்சைக்குள்ள பச்சையா போயிருமேட்டி" என்று நான் சொன்னேன். "தொலைக்காம வச்சுக்கோ. அதுக்குத்தான ஒங்கிட்ட குடுக்கேன்" என்று நீ சொன்னாய்.

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். போனதும் முதலில் ஏழாம் எண் மெஷினில் பென் டிரைவைச் செருகினேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. பெயர் 'படம்'. திறந்தேன். உன் முகம். பின்னால் லேபின் நீலச் சுவர், ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு இறுக்கிய உதடு.

இந்தப் பள்ளியில் உன் முகம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கோப்பில்தான். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம் வருகிறது. உனக்காக அழுத மடல்களைப் பள்ளி இதழில் போன மாதமே நான்கு பேர் எழுதிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் உன்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் கோபத்தோடுதான் எழுதப் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் மெஷின் திரையில் அந்தக் கறுப்பு ஜன்னலை ஐடி சார் முதன்முதலாகத் திறந்து காட்டிய நாள் நினைவிருக்கிறதா? மற்ற எல்லோருக்கும் அது அலுப்பாக இருந்தது. படம் இல்லை, நிறம் இல்லை, வெள்ளையாக ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சார் கொங்குத் தமிழ் பேசும் சித்தூர்ப் பக்கத்துக்காரர். நம் எஸ்டேட் பேச்சுக்கு நடுவில் அவருடைய பேச்சு தனியாகக் கேட்கும். "ஏங்கண்ணு, இதுக்கு மௌஸ் வேண்டாம். நீ எழுதுனா அது செய்யும், அவ்வளவுதானுங்க" என்றார். மாணவர்களுக்கும் 'ங்க' போடும் மனிதர் அவர். நீ என் காதருகே வந்து, "எழுதுனா செய்யுமாம்ட்டி. நம்ம வீட்ல கத்துனாக்கூட ஒருத்தனும் செய்ய மாட்டான்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். தண்டனையாக வெளியே நின்றதும் நான்தான்.

அன்று சார் சொல்லிக்கொடுத்தது ஐந்தாறு கட்டளைகள்தான். இருப்பதைப் பட்டியலிட ஒன்று, நகலெடுக்க ஒன்று, நகர்த்த ஒன்று, அழிக்க ஒன்று, கொடுத்த சொல்லைத் திரையில் அப்படியே திருப்பிச் சொல்ல எக்கோ. இந்தக் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் மெஷின் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய்யும், அதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர், என்று மணி அடித்த பிறகு வாசலில் நின்று சொன்னார். பாதிப் பேர் அதற்குள் படியிறங்கிவிட்டார்கள். நாம் இருவரும் நின்று கேட்டோம்.

பிறகு அடையாள அட்டை வேலை வந்தது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். சார் தன் போனில் எல்லோரையும் நீலச் சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, மெஷினில் ஏற்றி, போனில் இடமில்லை என்று அதிலிருந்து அழித்துவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் பெயரைத் தட்டி, எல்லாவற்றையும் 'படம்' என்ற ஒரே அடைவுக்குள், அதாவது ஃபோல்டருக்குள், போட்டுவைக்கும் வேலை நமக்கு. பெயர் தட்டி முடிக்கவே இரண்டு பீரியட் ஆனது. நம் ஊர் வழக்கப்படி அப்பாவின் முதல் எழுத்து முன்னால், ஓர் இடைவெளி, பிறகு பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டும் என்றதும் நீ நாற்காலியைப் பின்னால் தள்ளினாய்.

"ஒவ்வொண்ணா இழுக்க இது என்ன கொழுந்தா? கொழுந்துக்கே இப்ப மெஷின் வந்தாச்சு. ஸ்கிரிப்ட் எழுதுவோம்ட்டி."

மூன்று வரி. ஒவ்வொரு படத்தையும் எடு, 'படம்' என்பதற்கு நகர்த்து, அடுத்ததை எடு. என்டர் தட்டியதும் திரை முழுக்கப் பிழைச் செய்திகள் ஓடின. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். நீ மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாய். முதல் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியால் மெஷின் ஒரு பெயரை இரண்டு கோப்புகளாக எண்ணிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தது நீதான். "அப்பா தனி, மக தனின்னு நெனச்சுக்கிட்டு" என்றாய். பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு மறுபடி ஓட்டினாய்.

இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. ஒரு பிழையும் இல்லை. நாம் கைகொட்டினோம்.

'படம்' என்ற அடைவையே நாம் உருவாக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடைவு இல்லாத இடத்தில் மெஷின் வேறு என்ன செய்யும்? முதல் படத்துக்கே 'படம்' என்று பெயர் மாற்றியது. இரண்டாவதை அதே பெயரில் அதன் மேலேயே வைத்தது. மூன்றாவதை அதற்கும் மேலே. முப்பத்தேழு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்து, ஆங்கில அகர வரிசையில் கடைசியாக இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. உன் அப்பாவின் முதல் எழுத்து வி. மிஞ்சியது நீ.

அந்த முதல் ஓட்டத்தின் பிழைச் செய்தியிலேயே 'படம்' என்பது அடைவு அல்ல என்று எழுதியிருந்தது. முப்பத்தெட்டு முறை எழுதியிருந்தது. நாம் வாசிப்பதைப் பாதியோடு நிறுத்திவிட்டு இடைவெளியைத் திருத்தப் போய்விட்டோம்.

வகுப்பு நம்மைச் சும்மா விடவில்லை. மறுநாள் மழைத் தூறலில் மறுபடி முப்பத்தேழு பேர் நீலச் சுவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். "என் மூஞ்சிய அழிச்சவ இவதான்" என்று ஒவ்வொருத்தியும் போகிற போக்கில் உன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "அழிஞ்சது நல்லதுக்குத்தான், இப்பயாவது தல சீவிட்டு வந்திருக்க" என்று நீ ஒவ்வொருத்திக்கும் திருப்பிக் கொடுத்தாய். சார் திட்டியபோது மட்டும் தலைகுனிந்து நின்றாய். அவர் போனதும் அந்த ஒற்றைக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு என்னிடம் நீட்டினாய். "நாம வாசிக்காததுக்கு அத்தாட்சி. வச்சுக்கோ."

அடுத்த இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை நீ ஐந்து நிமிடத்தில் விழுங்கினாய். லேபில் உட்கார்ந்து 'அடுக்கு' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாய். அடைவு இருக்கிறதா என்று அது முதலில் பார்க்கும். இல்லையென்றால் உருவாக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தொடாமல் விலகும். எல்லாவற்றுக்கும் முன்னால், தான் என்ன செய்யப் போகிறேன் என்பதை ஒரு கோப்பு விடாமல் திரையில் சொல்லி, ஆமா, இல்லை என்று கேட்டுவிட்டு நிற்கும்.

"மொதல்ல சொல்லச் சொல்லு. பொறவு செய்யச் சொல்லு." இதை எத்தனை தடவை சொன்னாய்! நான் அவசரத்தில் அழிக்கும் கட்டளை எழுதினால் கையைத் தட்டிவிட்டு முன்னால் எக்கோ போடுவாய்.

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்த தலையணை மாதிரியான புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். முதல் வரியில் எந்த ஷெல் இதை ஓட்ட வேண்டும் என்று எழுதியாயிற்று. இரண்டாம் வரியில், மெஷின் படிக்காமல் தாண்டிப்போகிற ஹாஷ் குறிக்குப் பின்னால், 'எழுதியது' என்று போட்டு உன் பெயரைத் தட்டினாய். உன் பெயரை மட்டும்.

"என் பேரு?" என்று கேட்டேன்.

"நீ ஒரு வரியாச்சும் எழுதுனியா?"

"வாசிச்சுக் காட்டுனேன்ல?"

"வாசிச்ச. இல்லன்னா சொன்னேன்? எழுதல. அடுத்தத நீ எழுது, ஒன் பேரப் போடு. எம் பேரக் கேக்க மாட்டேன்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தபோது நீ சொன்னதில் ஒரு தவறும் கிடைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் உன்னை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வழியாகக் கீழே கொண்டுபோனார்கள். மலையில் மண் சரிந்து பாதி வழி அடைத்திருந்தது. நீ திரும்பி வந்ததைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அடுத்த திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் உன்னைப் பற்றிப் பேசினார்கள். "அமைதியான மாணவி. ஆசிரியர்கள் சொன்னதை மறு பேச்சில்லாமல் கேட்பவள்." நான் கையை இறுக மூடிக்கொண்டு நின்றேன். நீயா அமைதி? மெஷினோடுகூடச் சண்டை போடுவாயே! கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிய விடையில் ஒரு தடவை பூஜ்யம் விட்டுப்போனதைச் சொல்லிவிட்டு, அவர் முறைத்ததும் "நான் சொல்லலன்னா அது சரியாயிருமா டீச்சர்?" என்று கேட்டவள் நீ. இறந்துவிட்டால் ஒரு பெண்ணை உடனே அமைதியானவளாக ஆக்கிவிடுகிறார்களே, ஏன்? உன்னைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை.

பதிவேட்டில் உன் பெயரின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அது விதி, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாரமே ஏழாம் எண் மெஷினில் உன் அடைவும் காணாமல் போயிருந்தது. சாரிடம் ஓடினேன்.

"பேரு வெட்டுனா ஃபோல்டரும் எடுத்தரோணும் கண்ணு. டிஸ்க்குல எடம் வேணுமல்லோ?"

"அதுல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா சார்?"

அவர் பார்த்திருக்கவில்லை. உன் அரைகுறை ஸ்கிரிப்டுகள் பதினொன்று இருந்தன அதில். எனக்கு எண்ணிக்கை தெரியும். ஒரே ஒரு எக்கோ போட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

மிஞ்சியது 'அடுக்கு' மட்டும். பன்னிரண்டு மெஷின்களிலும் பொது இடத்தில் அது இருந்தது. ஒவ்வொரு செய்முறைத் தேர்வுக்குப் பிறகும் எல்லோருடைய விடைக் கோப்புகளையும் அதுதான் திரட்டியது. மற்ற ஆசிரியர்கள்கூட அதைப் புகழ்ந்தார்கள். அதனால்தான் உபஜில்லா ஐடி மேளாவுக்கு, சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் சேரும் அந்தப் போட்டிக்கு, அதையே கொண்டுபோவது என்று சார் முடிவு செய்தார்.

என்னைக் கூப்பிட்டு ஏழாம் எண் மெஷினில் கோப்பைத் திறந்து காட்டினார். இரண்டாம் வரியில் என் பெயர் இருந்தது.

"சார், இது..."

"ஃபாரத்துல இப்பப் படிக்கிற புள்ளையோட பேருதான் போட முடியும். ரெஜிஸ்டர்ல இல்லாத பேர வச்சா தள்ளிருவாங்க. நீதான அவகூட ஒக்காந்திருந்த? ஸ்கூலுக்கு ஒரு நல்ல பேரு வரட்டுமே."

இங்கே நான் ஓர் உண்மையை எழுத வேண்டும். என் கோபத்தில் ஒரு பங்கு என் மேல்தான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியில் என் பெயர் நன்றாக இருந்தது. நீ போட மறுத்த பெயர், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து கேட்ட பெயர், இப்போது அங்கே இருந்தது. வீட்டில் அம்மாவிடம் மேளாவுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. உங்கள் லயத்தை, அந்த எஸ்டேட் வரிசை வீடுகளை, சுற்றிக்கொண்டு வேறு வழியாக நான்கு நாள் பள்ளிக்குப் போனேன், உன் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

சனிக்கிழமை மேளா. மூணாறில் ஒரு பள்ளியின் பெரிய கூடம். நடுவராக வந்த டீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். "ஓடிச்சுக் காணிக்கு மோளே" என்றார் மலையாளத்தில். ஓட்டினேன். 'அடுக்கு' வழக்கம்போல, என்னென்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆமா, இல்லை என்று கேட்டு நின்றது.

அவர் அதைக் கடைசி வரை வாசித்தார். உண்மையாகவே வாசித்தார், விரல் வைத்து. பிறகு தமிழில் கேட்டார். "நல்லா இருக்கு. இந்த மாதிரி முன்னாலயே கேக்கணும்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு?"

எனக்குத் தோன்றவில்லையே! சார் பின்னால் நின்று, "சொல்லு கண்ணு" என்றார். முப்பத்தெட்டுப் படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நாங்க என்று தொடங்கினேன். இடைவெளியை அவதான் கண்டுபிடிச்சா என்றேன். அடைவு இல்லாததை அவதான் பார்த்தா என்றேன். அவ, அவ என்றே எல்லா வாக்கியமும் வந்தது. டீச்சர் கண்ணாடியை இறக்கி மாட்டினார்.

"யாரும்மா அந்த அவ?"

ஸ்கிரிப்டைத் திறந்தேன். இரண்டாம் வரிக்குப் போய் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். உன் பெயரை அப்பாவின் முதல் எழுத்தோடு, இடைவெளி விட்டுத் தட்டினேன். "இவதான் டீச்சர் எழுதுனா. இவ ஜூலையில செத்துப் போயிட்டா. நான் வாசிச்சுக் காட்டுனேன்."

அவர் தன் கையிலிருந்த தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். தாளில் இருந்தது என் பெயர். "ஃபாரத்தில இருக்கிற குட்டி எழுதலைன்னா நான் மார்க் போட முடியாது" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்த மேசைக்குப் போவதற்கு முன் மறுபடி ஒருமுறை குனிந்து அந்த இரண்டாம் வரியை வாசித்துவிட்டுப் போனார்.

திரும்பும் ஜீப்பில் இரண்டு வளைவு தாண்டியதும் சார் வெடித்தார். "அத்தனை பேர் முன்னால என்ற மானத்தை வாங்கிப்போட்டே. ஏதாச்சும் சொல்லோணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லியிருக்கணும் சார். அது என் தப்பு. பேர மாத்துனது ஒங்க தப்பு."

டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஃபாரம் அப்படி இருக்குது. நான் என்ன பண்றது?"

"அப்ப ஃபாரம் தப்பு சார். அவ எழுதுனது எப்படித் தப்பாகும்? மெஷின்கூட அந்த வரியைத் தொடாம தாண்டிப் போகுது. நீங்க ஏன் சார் தொட்டீங்க?"

நான் அழுதேன் என்று நினைக்காதே. கத்தினேன். உன்னை மாதிரியே கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சார் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "அந்தப் புள்ள ஃபோல்டரை நான் பாத்துட்டு எடுத்திருக்கோணும்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று உங்கள் லயத்துக்குப் போனேன். உன் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு நாள் சுற்றி நடந்ததையும்.

"என்னத்தம்மா எழுதுனா அவ? கதையா?"

"இல்ல அத்த. மெஷினுக்கு என்ன செய்யணும்னு வரிசையா எழுதுறது."

"ஆமா, வீட்லயும் அதத்தான செஞ்சா. எல்லாரையும் ஏவிக்கிட்டே திரிவா." உப்புக் கையோடு சிரித்தார். பிறகு, "பேரு இருக்காம்மா அதுல இப்ப?" என்று கேட்டார்.

மேளாவுக்குக் கொண்டுபோன நகலில் இருந்தது. லேபின் பன்னிரண்டு மெஷின்களிலும் சார் மாற்றிவைத்த என் பெயர்தான் இன்னும் இருந்தது. "இருக்கும் அத்த" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று சார் லேப் சாவியை என் மேசையில் வைத்தார். "பன்னெண்டுலயும் நீயே மாத்திரு" என்றார்.

கையால் மாற்றியிருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துத் தட்டினால் அரை மணி நேரம். ஆனால் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், தனியாக, நூலகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. ஆறு வரி. இரண்டு முறை பிழை வந்தது. இரண்டு முறையும் செய்தியைக் கடைசி வரை வாசித்தேன். அதன் இரண்டாம் வரியில் என் பெயர் இருக்கிறது. நான் எழுதியது என்பதால் இருக்கிறது.

இன்று மதியம் அந்த ஸ்கிரிப்டை உன் பச்சை நூல் பென் டிரைவில், உன் முகத்துக்குப் பக்கத்தில், போட்டு எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போனேன். எட்டாம் எண் மெஷினில் கீபோர்டில் என்டர் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. யாரும் சரிசெய்யவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் அது முதலில் சொன்னது: இரண்டாம் வரியில் இந்தப் பெயரை எழுதப் போகிறேன். பிறகு உன் பெயர். பிறகு, ஆமா, இல்லை?

பன்னிரண்டு முறை கேட்டது. பன்னிரண்டு முறையும் நான் ஆமா என்றேன், ஒவ்வொரு முறையும் முழுவதும் வாசித்த பிறகு.

இந்த மடலில் எங்குமே உன் பெயரை நான் எழுதவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றுதான். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நம் லேபுக்கு வந்து, 'அடுக்கு' கோப்பைத் திறந்து, இரண்டாம் வரியை வாசிக்கட்டும்.